புகையில் கொலை உண்டா?

கரி அடுப்பின் மேல் கம்பி வலையைப் போட்டு இறைச்சி சுடும் பார்பிக்யூ, பெருநகர உணவகங்களிலிருந்து சிற்றூர்களின் மொட்டை மாடிகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கூடவே ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. பத்துப் பேர் கூடினால் அதில் ஓரிருவர் புலால் உண்ணாதவர்களாக இருக்கக்கூடும். அவர்களுக்காகக் கத்தரிக்காய், குடைமிளகாய், மக்காச்சோளம், பன்னீர் என்று தொட்டுக்கொள்ளும் வகைகள் அதே தணலில் வாட்டப்படுகின்றன. கோழியின் கொழுப்பு கங்கில் சொட்டிப் புகையாக எழும்பிப் பக்கத்திலிருக்கும் கத்தரிக்காயின் மேல் படிகிறது. அந்தக் கத்தரிக்காய் இன்னும் சைவம்தானா? தனி அடுப்பு ஒன்று வைத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்; பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தனி அடுப்பு எதைக் காப்பாற்றுகிறது, உயிரையா அல்லது உண்பவரின் தூய்மையையா என்று கேட்டால் விஷயம் சமையலறையைத் தாண்டிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு வேறு என்பதும், புகையைப் பற்றிய நம் கவலை பெரும்பாலும் இரண்டாவதைச் சேர்ந்தது என்பதும் என் வாதம்.

இதை யோசிப்பதற்கு ஆரணியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்தப் பட்டு நெசவு ஊரைச் சுற்றித்தான் தமிழ்ச் சமணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஊரை ஒட்டிய பூண்டியில் அருகர் கோயில் இருக்கிறது. போளூர் செல்லும் திசையில் திருமலை. அங்கே பாறையில் செதுக்கிய நேமிநாதரும் குந்தவை பெயர் தாங்கிய சினாலயமும் உள்ளன. வந்தவாசிப் பக்கம் போனால் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் நினைவோடு சேர்த்துப் போற்றப்படும் பொன்னூர் மலை. நயினார் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதிச் சமணர்கள் வடக்கிலிருந்து வந்த வணிகர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பயிர் செய்துவரும் தமிழர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது இவர்களுடைய அடையாளங்களில் ஒன்று. இந்தப் பக்கத்திலிருந்து ஆற்காடும் ஆம்பூரும் அதிகத் தொலைவில் இல்லை. இரண்டும் பிரியாணிக்குப் பெயர்போனவை. புலாலை முற்றாக மறுத்த மரபும் அதைக் கொண்டாடும் சுவையும் பல நூற்றாண்டுகளாக ஒரே சந்தையில் காய்கறி வாங்கி வந்திருக்கின்றன. அதற்கு மேல் பட்டு வேறு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சமணத்தை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உணவில் உள்ள இம்சையை அவர்கள் அளவுக்கு நுணுகிக் கணக்குப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்பது அவர்கள் கொள்கை. அதன்படி அடுப்பை மூட்டுவது இம்சை, அணைப்பதும் இம்சை. அதனால்தான் திகம்பர முனிவர் தீ மூட்டுவதில்லை. நாளுக்கு ஒரு வேளை, நின்றபடி, கைகளையே கலமாகக் கொண்டு இல்லறத்தார் தருவதை ஏற்கிறார். இல்லறத்தாரோ சமைக்காமல் இருக்க முடியாது. இதை அறிந்தே சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பிரித்தார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டுக் காரியங்களால் நேர்வது, பிழைப்புக்கான தொழிலால் நேர்வது, தற்காப்பால் நேர்வது. முதலாவதை இல்லறத்தார் முழுதாக விட வேண்டும். மற்ற மூன்றையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். இந்தப் பாகுபாட்டில் ஒரு பெரிய நேர்மை இருக்கிறது. யாருடைய அடுப்பும் குற்றமற்றது என்று அது சொல்லவில்லை. சைவ அடுப்பும் இம்சையின் கணக்கில்தான் வருகிறது. கேள்வியெல்லாம் எவ்வளவு, எதற்காக, குறைக்க முடியுமா என்பதுதான்.

இந்தக் கணக்கைப் புகையில் வாட்டிய காய்கறிகள் மேல் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தென்படும். தணலுக்கு நன்றாக வசப்படுபவை எவை? சர்க்கரைவள்ளி, உருளை, முழு வெங்காயம், பூண்டு, காளான், எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தரிக்காய். அநேகமாக இத்தனையும் சமண நெறி விலக்கியவை. கிழங்கில் ஓருடலுக்குள் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன என்பது ஒரு காரணம். கத்தரிக்காய் பல விதை கொண்டது என்பது இன்னொரு காரணம். நெருப்புக்குப் பிடித்ததெல்லாம் அருகனுக்குப் பிடிக்கவில்லை! இந்தத் தடைகளின் அடியிலிருக்கும் தத்துவத்தை ஏற்காதவர்கள் கூடக் கத்தரிக்காயில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் புவிசார் குறியீடு பெற்ற நல்ல காய். சதை மிகுந்தது, சுட்டுப் பிசைவதற்கு ஏற்றது. கத்தரிக்காயைச் சுடும்போது முழுதாகவே எண்ணெய் தடவித் தணலில் வைப்பார்கள். தோல் கருகி வெடித்ததும் உரித்துச் சதையைப் பிசைவார்கள். உள்ளே காய்த்துளைப்பான் புழு இருக்கிறதா என்று அதுவரை யாரும் பார்ப்பதில்லை. துளையின் வாய் அடைந்துவிட்ட காயில் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. அதாவது கோழிப் புகை படாத தனி அடுப்பில், மிகுந்த சுத்தத்தோடு, உயிருள்ள புழு ஒன்று மெல்ல வேகலாம். வயலிலோ அதே புழுவுக்காகத் திரும்பத் திரும்ப மருந்து தெளிக்கிறார்கள். 2010 பிப்ரவரியில் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது நாடெங்கும் நடந்த வாதத்தில் விதை, உரிமை, உடல்நலம் எல்லாம் பேசப்பட்டன. புழுவைக் கொல்ல வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. பார்பிக்யூ இரவில் நடப்பது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஈசல் பறக்கும் இரவொன்றில் திறந்த தணலை மூட்டி விளக்கையும் ஏற்றி வைப்பவர், இரவில் உண்ணாதே என்ற சமண விதி எதற்காக வந்தது என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இனிப் புகைக்கு வருவோம். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது இந்தியத் தருக்கத்தின் பால பாடம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அளவை இலக்கணம் சொல்லுமிடத்திலும் அந்த எடுத்துக்காட்டு வருகிறது. புகை இருந்தால் நெருப்பு உண்டு, சரி. ஆனால் கத்தரிக்காயில் படிந்த கோழிப் புகையைக் கொண்டு, அந்தக் கத்தரிக்காயை உண்பவருக்குக் கொலையில் பங்கு உண்டு என்று அனுமானிக்க முடியுமா? கொலையில் பங்கு எப்படி வருகிறது என்பதற்குத் தமிழிலேயே கூர்மையான விடை இருக்கிறது. திருக்குறளின் 26ஆம் அதிகாரமான புலால் மறுத்தலில் 256ஆம் குறள் முன்வைக்கும் வாதம் முழுக்க முழுக்கச் சந்தையைப் பற்றியது: தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விலைக்காகக் கொன்று தருவோரும் இருக்க மாட்டார்கள். குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அதை உரையோடு பதிப்பித்தார். தனக்காகக் கொன்றதாகக் காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சியைப் பிக்கு ஏற்கலாம் என்பது பௌத்த விதி. கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்ற அந்த நிலையை நூலின் நாயகி நீலகேசி விடாமல் சாடுகிறாள். சமணர் கணக்கில் செய்வது, செய்விப்பது, உடன்படுவது ஆகிய மூன்றுமே வினை. இரண்டு நூல்களும் பழியைக் கடத்தும் வழியாக எதைக் காட்டுகின்றன என்று பாருங்கள். வாங்குவது, கேட்பது, உடன்படுவது. தொடுவதையோ முகர்வதையோ அவை காட்டவில்லை.

இதிலிருந்து ஒரு சோதனையை வகுத்துக்கொள்ளலாம். நான் இதை மறுத்தால் உலகில் ஏதாவது ஒரு கொலை குறையுமா? கோழியை மறுத்தால் குறையும், அல்லது பலர் மறுத்தால் குறையும். கோழிக்குப் பக்கத்தில் வெந்த கத்தரிக்காயை மறுத்தால் எதுவும் குறையாது. அந்தக் கோழி எனக்காக வாங்கப்படவில்லை. நான் கத்தரிக்காய் கேட்டதால் அரைக் கிலோ கூடுதலாக வெட்டப்படவும் இல்லை. சமண முனிவரும் பிறர் மூட்டிய தீயில், பிறருக்காகச் சமைத்ததைத்தானே ஏற்கிறார்? தமக்கென்றே சமைத்ததை அவர் ஏற்கக் கூடாது என்ற விதியின் பொருளும் இதுதான்: தீ யாருக்காக மூட்டப்பட்டது என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் பிக்குவின் வாதமும் இதுவே அல்லவா என்று நீலகேசியைப் படித்த ஒருவர் மடக்கக்கூடும். இல்லை. பிக்குவின் கலத்தில் விழும் இறைச்சி இறைச்சிக்கான தேவையைக் கூட்டுகிறது. நாளை இன்னொரு துண்டு வாங்கப்படுகிறது. கத்தரிக்காய் கூட்டுவது கத்தரிக்காய்க்கான தேவையை மட்டும்தான்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, வேதியியலைத் துணைக்கு அழைப்பது. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. விறகு எரியும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து புகை மணம் தரும் பொருள்கள் பிறக்கின்றன. கரியாக மூட்டம் போட்ட மரத்தில் அவை முன்பே பெரும்பாலும் போய்விட்டன. நீறு பூத்த நல்ல கரித்தணல் அதிகம் புகைவதே இல்லை. கரி அடுப்பில் சுட்டதற்கென்று நாம் இனங்காணும் மணத்தில் பெரும்பங்கு, சொட்டும் கொழுப்பும் சாறும் கங்கில் பட்டு ஆவியாகி மேலே படிவதால் வருவது. ஆகவே கோழிக்கு அடுத்திருக்கும் கத்தரிக்காயில் கோழி உண்மையிலேயே இருக்கிறது, நுண்ணிய அளவில். ‘வெறும் மனப்பிராந்தி’ என்று சைவரைக் கேலி செய்பவர்கள் இந்த உண்மையை அறியாதவர்கள். ஆனால் இந்த மறுப்பு நிறுவுவது எதை? இறைச்சியின் துகள் நாவில் படக் கூடாது என்று நோன்பு பூண்டவருக்கு அந்தக் காய் ஆகாது என்பதை நிறுவுகிறது. அவர் உண்டால் கொலையில் பங்கு வரும் என்பதை நிறுவவில்லை. நோன்பு என்பது தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்கு. அதைக் காப்பதற்கு உரிமையும் உண்டு, மதிப்பும் உண்டு. அமெரிக்காவில் பர்கர் கிங் விற்ற தாவர பர்கர், மாட்டிறைச்சி சுடும் அதே அடுப்பில் சுடப்படுகிறது என்று 2019இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, மறு ஆண்டு தள்ளுபடியானது. தனி அடுப்பில் சுடுவதாக நிறுவனம் வாக்களித்திருந்ததா என்பதைத்தான் அங்கே பார்த்தார்கள். எனக்கு அது சரியான இடமாகவே படுகிறது. நோன்பு வாக்கைச் சேர்ந்தது. விருந்தளிப்பவர் வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். கொலையைப் பற்றிய கேள்வி வேறொரு மன்றத்தைச் சேர்ந்தது.

இப்போது பட்டு. ஆரணியின் தறிகளில் ஓடும் நூல் பட்டுப்புழு கட்டிய கூட்டிலிருந்து வருகிறது. உள்ளே இருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூடு துளைபட்டு இழை அறுந்துபோகும். அதனால் அது வெளிவருமுன் நீராவியிலோ வெப்பக்காற்றிலோ கொன்றுவிட்டு, பிறகு கூட்டை வெந்நீரில் இட்டு இழையைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். இது ஆரணியில் பெரும்பாலும் நடப்பதில்லை; ராமநகரத்திலும் தருமபுரியிலும் கூடு விற்கும் சந்தைகளுக்கும் இழை பிரிக்கும் ஆலைகளுக்கும் அப்பால்தான் ஆரணி வருகிறது. நெசவாளர் கையில் சேரும்போது அது பளபளக்கும் நூல் மட்டும். அந்த நூலில் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் நம் வீடுகளில் மடியாக நைவேத்தியம் சமைக்கிறார்கள். பருத்தியைவிடப் பட்டு தீட்டை எளிதில் ஏற்காது என்பது நம்பிக்கை. ஆக, அடுப்பின் தூய்மையைக் காக்கும் ஆடையே ஆயிரக்கணக்கான உயிர்களை வேகவைத்துப் பெற்றது. தூய்மையும் அகிம்சையும் ஒன்றாகவே இருந்திருந்தால் இப்படி ஒரு வழக்கம் வந்திருக்கவே முடியாது. இந்த முரணை முதலில் கண்டவன் நானல்லன். காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டை விடும்படி அடியார்களைக் கேட்டுக்கொண்டார். குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமனின் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டு உண்டா என்று 1990 வாக்கில் கேட்டதுதான் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜய்யாவைப் பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டை நோக்கித் திருப்பியது. அந்தப் பட்டில் மினுக்கம் குறைவு. கல்யாணச் சந்தையில் அது பெரிதாக இடம் பிடிக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நெசவாளர் மீது பழி போடுகிறாயா என்று யாரும் கேட்க வேண்டாம். தொழிலால் நேரும் இம்சையைச் சமணமே தனிப் படியில் வைத்தது. தறி ஓடினால்தான் உலை கொதிக்கும் வீடுகளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து உபதேசம் செய்வது எளிது. என் கேள்வி வாங்குபவர்களிடம். குறளின் சோதனையைப் பட்டுக்கடை வாசலில் வைத்தால் விடை தெளிவாக இருக்கிறது: வாங்குவது குறைந்தால் கொலை குறையும். புகை பட்ட கத்தரிக்காயை மறுத்தாலோ எதுவும் குறையாது. முதலாவதில் நமக்குக் கூச்சம் வருவதில்லை. இரண்டாவதில் வாந்தி வருகிறது.

அந்த அருவருப்புக்குத்தான் அடுத்த மறுப்பு பரிந்து பேசும். கணக்குப் போட்டு யாரும் புலாலை விடவில்லை. நாற்றம் பிடிக்காமல்தான் விட்டார்கள். அருவருப்பு என்ற வேலியை நீ பிடுங்கினால் நாளைக்கு உள்ளே இருக்கும் கருணையும் போய்விடும் என்பது அது. இதில் பாதி உண்மை. குழந்தைப் பருவத்திலேயே உடம்பில் ஏறிய வெறுப்பு, புலால் உண்ணாமையைக் காப்பதில் எந்த நூலையும்விட உறுதியானது. ஆனால் வேலி எதைத் தடுக்கிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் மனிதர்களைத் தடுத்திருக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவர்க்கும் அசைவர்க்கும் தனித்தனி வாயில், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்தார்கள். 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் சைவ உணவைக் கொண்டுவருவோருக்குப் பச்சைச் சீருடை என்று அறிவித்து மறுநாளே சீருடையைக் கைவிட்டது. கை கழுவும் குழாயைப் பிரித்ததால் பிழைத்த ஆடு ஒன்று உண்டா? அசைவம் சாப்பிடுவோருக்கு வீடு இல்லை என்பதால் கோழிக்கடையில் ஒரு கோழி குறைந்ததா? அருவருப்பு தன் நாவைக் காக்கும்வரை நோன்புக்குத் துணை. அடுத்தவரை எட்ட நிறுத்தத் தொடங்கியதும் அது பழைய தீட்டுதான். அகிம்சையின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது. வள்ளலார் இந்த இடத்தில் வெகு தெளிவாக இருந்தார். புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்று வகுக்கும் அளவுக்குக் கொல்லாமையில் கண்டிப்பானவர் அவர். ஆனாலும் அவர்களுடைய பசியையும் ஆற்ற வேண்டும் என்றார். 1867இல் வடலூர் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே புலால் வேகாது, ஆனால் பந்தியில் உட்காருபவரிடம் நீ வீட்டில் என்ன தின்கிறாய் என்று கேட்பதில்லை.

மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் வரும் என்று எனக்குத் தெரியும். அது இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்த அசைவ நண்பருடையது: கத்தரிக்காயிலும் புழு சாகிறது, பட்டிலும் சாகிறது, அடுப்பே இம்சை என்கிறாய், அப்படியென்றால் என் கோழிக்கும் உன் கத்தரிக்காய்க்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் உண்டு. எல்லாவற்றிலும் இம்சை இருக்கிறது என்பதால் எல்லாம் சமம் ஆகிவிடாது. எல்லாரிடமும் கடன் இருக்கிறது என்பதால் நூறு ரூபாய்க் கடனும் நூறாயிரம் ரூபாய்க் கடனும் ஒன்றல்ல. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குவதைத் தொல்காப்பிய மரபியலே செய்திருக்கிறது. சமணமும் அந்தப் படிகளை வைத்துத்தான் வினையை அளக்கிறது. கத்தரிக்காய்ப் புழுவின் சாவு நேர்ந்தது, பெரும்பாலும் தவிர்க்கவும் கூடியது. கோழியின் சாவு விரும்பப்பட்டது. அது இல்லாமல் அந்தத் தட்டே இல்லை. நான்கு வகை இம்சையில் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் உள்ள தூரம் இதுதான். படிகளை ஏற்றுக்கொள்பவர் தன் சைவத்தைக் குற்றமற்றதென்று பெருமை பேச முடியாது. படிகளை மறுப்பவரோ தன் அசைவத்துக்கு அதையே சாக்காக்கிக்கொள்ள முடியாது.

ஆகவே என் தீர்ப்பு நடைமுறையில் இவ்வளவுதான். விருந்தளிப்பவர் வலையைத் துலக்கிக் காய்களை முதலில் சுட்டு எடுத்துவிட்டு, அப்புறம் இறைச்சியை ஏற்றட்டும். அது நோன்பு காப்பவருக்குச் செய்யும் மரியாதை, செலவும் இல்லை. புகை மணம் வேண்டுமென்றால் சுட்ட காயை ஒரு பாத்திரத்தில் போட்டு, நடுவே சிறு கிண்ணத்தில் கனிந்த கங்கு ஒன்றை வைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு மூடினால் போதும். கொன்ற விலங்கின் கொழுப்பைக் கடன் கேட்க வேண்டியதில்லை. கத்தரிக்காயைக் காம்பு அறாமல் நான்காகக் கீறிப் புழு பார்த்த பிறகே தணலில் வையுங்கள். எண்ணெய் கத்தரிக்காய்க்கு எல்லா வீட்டிலும் செய்வதுதானே? முடிந்தால் வெளிச்சம் இருக்கும்போதே சமையலை முடித்துக்கொள்ளுங்கள். நயினார் வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. இத்தனைக்கும் பிறகு காற்று திசை மாறிக் கோழிப் புகை உங்கள் தட்டின் மேல் வீசினால் எழுந்து போகாதீர்கள். அந்தக் கோபத்தை அடுத்த முறை பட்டு எடுக்கப் போகும்போது கடைக்காரரிடம் காட்டுங்கள்: பூச்சி வெளியேறிய கூட்டில் நெய்தது இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஆரணித் தறிகள் அதையும் நெய்யும்.